ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்டு: முதலில் எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை, கேரள எல்லையைத் தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இந்த வழியெங்கும் கல்யாண ஸ்டூடியோக்கள். ஆல்பம் டிசைனும் வீடியோ எடிட்டிங்கும் ஒரே மேஜையில் நடக்கும். மேஜைக்கு அடியில் இருப்பது பல இடங்களில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸோ எச்பி எலைட்டெஸ்க்கோதான். இன்டெலின் ஆறாவது அல்லது ஏழாவது தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு கிராபிக்ஸ். கொடுத்த காசுக்கு உழைக்கிற மெஷின்கள். ஆல்பம் பக்கம் போடுகிறவரை குறை தெரியாது. 4கே வீடியோ வந்து இறங்கியதும் டைம்லைன் திக்கும், எக்ஸ்போர்ட் ராத்திரி முழுக்க ஓடும். "ஒரு கார்டு போட்டா சரியாயிரும் அண்ணே" என்பார் கடைக்காரர். பாதி உண்மை.

எந்தக் கார்டு நல்லது என்று தேட ஆரம்பிப்பதே தலைகீழ் வேலை. உங்கள் கேபினட்டில் எவ்வளவு கரண்ட் மிச்சம், எவ்வளவு இடம், செய்யும் வேலையில் எந்தப் பகுதி உண்மையில் கார்டைக் கேட்கிறது என்பது தெரிந்தால் போதும். கடையில் இருக்கும் கார்டுகளில் உங்களுக்கு ஒத்துவருவது ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

வேலையிலிருந்து தொடங்குவோம். போட்டோஷாப்பில் நூறு லேயர் வைத்த ஆல்பம் பக்கம் திணறினால் அதற்கு மருந்து ரேமும் எஸ்எஸ்டியும்தான். கார்டு போட்டால் பெரிய வித்தியாசம் வராது. படத்தின் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்கும் லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸ் அப்படியல்ல. வெளிச்சம் குறைந்த சர்ச்சில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த படங்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். ஆனால் முழுக்க முழுக்க கிராபிக்ஸ் சிப்பைச் சார்ந்தது, ஆன்போர்டில் ஒரு படத்துக்கே பல நிமிடம் பிடிக்கும். வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் கலர் கரெக்‌ஷன், அளவு மாற்றுவது, டிரான்சிஷன் எல்லாம் கார்டுக்குப் போகும். டாவின்சி ரிசால்வ் இன்னும் பசி கூடியது, 4கே-க்கு 4 ஜிபி கிராபிக்ஸ் மெமரி சீக்கிரமே நிறைந்துவிடும்.

கார்டு வாங்கும் முன் செய்ய வேண்டிய மலிவான காரியம் ஒன்று உண்டு. ஆன்போர்டு கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, மெஷினின் ரேமையே பங்கு போட்டுக்கொள்ளும். டிடிஆர்4-2400 ஒற்றை ஸ்டிக் என்றால் வினாடிக்கு 19.2 ஜிபி வேகம். அதே மாதிரி இன்னொரு ஸ்டிக்கைச் சரியான ஸ்லாட்டில் போட்டு டூயல் சேனல் ஆக்கினால் 38.4. ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் இது 128 என்பதால் கார்டுக்கு ஈடாகாது. இருந்தாலும் ஒற்றை ஸ்டிக்கோடு ஓடும் மெஷினில் டைம்லைன் திக்குவது இதிலேயே கணிசமாகக் குறையும். எச்டி வீடியோ மட்டும் செய்பவர்களில் சிலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும்.

அப்படியும் கார்டு வேண்டும் என்றால் மூடியைத் திறந்து எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் தரும் பெட்டி) லேபிளைப் பாருங்கள். அலுவலக மெஷின்கள் மூன்று உருவத்தில் வரும். கையகல மைக்ரோவில் கார்டு ஸ்லாட்டே இல்லை. ஆப்டிபிளெக்ஸ் 7050 போன்றவற்றின் ஒல்லியான எஸ்எஃப்எஃப் உருவத்தில் எஸ்எம்பிஎஸ் 180 வாட், டவரில் 240 வாட். இவற்றின் பிளக் கடையில் கிடைக்கும் சாதாரண 24 பின் அல்ல, கம்பெனியின் சொந்த வடிவம். கன்வெர்ட்டர் வயர் போட்டு வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டுகிறவர்கள் உண்டு. மாடலுக்கு மாடல் பின் வரிசை மாறும், ஒரு வயர் இடம் மாறினால் போர்டு போய்விடும். அதனால் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

180 வாட்டில் கணக்குப் போடுங்கள். பிராசஸர் 65. போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் சேர்ந்து ஏறத்தாழ 30. மிச்சம் 85. இதில் 75 வாட் கார்டு போட்டால் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற கதைதான். எக்ஸ்போர்ட் ஓடும்போது பிராசஸரும் கார்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகும், மெஷின் சட்டென்று அணைந்து திரும்ப ஏறும். 180 வாட் பெட்டிக்கு 30 முதல் 50 வாட்டுக்குள் இழுக்கும் கார்டே பாதுகாப்பு. டவரின் 240 வாட்டில் 70-75 வாட் கார்டு தாராளமாக ஓடும். கார்டு மாட்டும் பிசிஐஇ எக்ஸ்16 ஸ்லாட் அதிகபட்சம் தரக்கூடியது 75 வாட். அதிலும் 12 வோல்ட் லைனில் வருவது 66 வாட்தான், மீதி 3.3 வோல்ட்டில். சில ஒல்லி மெஷின்களின் கையேட்டில் அந்த ஸ்லாட்டுக்கு இதைவிடக் குறைந்த வாட் எழுதியிருப்பார்கள். அப்படியிருந்தால் அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூரில் அசெம்பிள் செய்த மெஷின் என்றால் வேறு தொல்லை. கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை நம்ப வேண்டாம். லேபிளில் +12V என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட், அதுதான் பிராசஸருக்கும் கார்டுக்கும் சேர்த்துக் கிடைக்கும் உண்மையான பலம். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டும் 170 வாட் இழுக்கும், அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்கிறது என்விடியா. நல்ல கம்பெனியின் 80 பிளஸ் பிரான்ஸ் தரச்சான்று பெற்ற எஸ்எம்பிஎஸ் வாங்குகிற காசைக் கார்டின் விலையோடு சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

கார்டில் 6 பின் பவர் சாக்கெட் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயர் இல்லை என்றால் கடையில் சாட்டாவிலிருந்து 6 பின் ஆக்கும் வயர் ஒன்றை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். 6 பின் வயர் 75 வாட் வரை தர வேண்டியது. சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆகமொத்தம் 54 வாட். இந்த இடைவெளிதான் பிளாஸ்டிக்கை உருக்குகிறது. முதலில் கருகிய வாடை வரும், பிறகு பிளக் ஹார்டு டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது இடம். ஒல்லிக் கேபினட்டில் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டு மட்டுமே நுழையும், அதன் பிராக்கெட் (கேபினட்டோடு திருகும் தகடு) ஏறத்தாழ 8 செ.மீ. உயரம். சாதாரண கார்டுக்கு 12 செ.மீ. லோ புரொஃபைலிலும் ஃபேன் தடித்து இரண்டு ஸ்லாட் பிடிக்கும் கார்டுகள் உண்டு. சில ஒல்லி மெஷின்களில் எக்ஸ்16 ஸ்லாட்டை ஒட்டியே எஸ்எம்பிஎஸ் பெட்டி நிற்கும், அங்கே ஒற்றை ஸ்லாட் கார்டுதான் போகும். ஸ்கேல் வைத்து அளப்பதைவிட நல்ல வழி, வாங்க நினைக்கும் கார்டின் நீளம், உயரம், தடிமனுக்கு அட்டையில் ஒன்று வெட்டி ஸ்லாட்டின் மேல் வைத்துப் பார்ப்பது. ஹார்டு டிஸ்க் தட்டு இடிக்குமா, மூடி மூடுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இந்த வடிகட்டலில் மிஞ்சும் கார்டுகள் சில. 180 வாட் ஒல்லி மெஷினுக்கு என்விடியா டி400 (30 வாட்) அல்லது டி1000 (50 வாட்). இரண்டும் ஒற்றை ஸ்லாட், லோ புரொஃபைல். வெளியே வருவது மினி டிஸ்ப்ளேபோர்ட் என்பதால் கன்வெர்ட்டரையும் சேர்த்து வாங்க வேண்டும். டவருக்கு ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி என் முதல் தேர்வு. 70 வாட், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் வயர் வேண்டாம், 6 ஜிபி மெமரி 4கே-க்கு ஓரளவு மூச்சுவிட இடம் தரும். 8 ஜிபி 3050 வேறு கார்டு, அதற்குத் தனி பவர் வேண்டும். பெட்டியின் மேல் 6 என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பழைய ஜிடிஎக்ஸ் 1650 கிடைத்தால் அதுவும் தப்பில்லை.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வீடியோ ஸ்டூடியோக்காரர்கள் வாங்கி ஏமாறும் கார்டுகள் ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400-உம் ஜிடி 1030-உம். இரண்டிலும், எக்ஸ்போர்ட்டின்போது வீடியோவைச் சுருக்கும் என்கோடர் கிடையாது. எக்ஸ்போர்ட் முன்போலவே பிராசஸர் தலையில் விழும். 6400 நாலே நாலு பிசிஐஇ லேனில் (தரவு போகும் பாதை) ஓடுவது. பழைய போர்டின் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் அந்த லேன்களின் வேகமும் பாதியாகிவிடும். இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380-இல் ஏவி1 என்ற புது வீடியோ ஃபார்மட்டின் என்கோடர் வரை எல்லாம் உண்டு. ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே மூச்சில் அணுகும்) வசதியுள்ள போர்டு வேண்டும். இன்டெல் சொல்லும் கணக்கு பத்தாம் தலைமுறையிலிருந்து. ஏழாம் தலைமுறை மெஷினில் போட்டால் கார்டின் வேகத்தில் பெரும்பங்கு வீணாகும்.

இப்போது இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கார்டு போட்ட பிறகு சிலருக்கு டைம்லைன் முன்னைவிட மோசமாகும். காரணம் கார்டு அல்ல. கார்டைக் கண்டதும் பல போர்டுகள் ஆன்போர்டு கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். அதோடு, வீடியோவைத் திறக்கவும் சுருக்கவும் ஆன்போர்டுக்குள் இருக்கும் இன்டெலின் குயிக் சிங்க் போய்விடும். எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இது நேரடி அடி. எச்.264 (கேமராக்கள் பொதுவாகத் தரும் வீடியோ ஃபார்மட்) ஃபைலைத் திறந்து ஓட்டுவதற்கும் எக்ஸ்போர்ட் செய்வதற்கும் எடியஸ் காலங்காலமாக நம்பியிருப்பது குயிக் சிங்க்கைத்தான். பிரீமியரும் முடிந்த இடத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

சரிசெய்வது எளிது. பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங் திரை) நுழைந்து ஐஜிபியு மல்டி மானிட்டர் என்ற வரியை எனேபிள் செய்யுங்கள். டெல்லில் வீடியோ பகுதிக்குள் மல்டி டிஸ்ப்ளே என்றிருக்கும். பிரைமரி டிஸ்ப்ளே ஆட்டோவிலோ பிசிஐஇ-யிலோ இருக்கட்டும். விண்டோஸ் ஏறியதும் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டும் தெரிய வேண்டும். இன்டெல் டிரைவரை நீக்கிவிடாதீர்கள், இரண்டு டிரைவரும் ஒன்றாக இருப்பதில் எந்தச் சண்டையும் வராது.

கேமராவின் ஃபார்மட்டையும் இதே இடத்தில் பார்த்துவிட வேண்டும். சோனி ஏ7 IV, கேனன் ஆர்6 போன்றவற்றில் 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலாகப் பதியும் முறை) வைத்து எடுப்பது கல்யாண வேலையில் இப்போது சாதாரணம். எச்இவிசி (எச்.265) 4:2:2 ஃபைலை என்விடியா கார்டுகள் ஹார்டுவேரில் திறக்க ஆரம்பித்ததே 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான். 3050 திறக்காது, 3060 திறக்காது, 4090-உம் திறக்காது. இன்டெலின் ஆன்போர்டில் அது பதினொன்றாம் தலைமுறையிலிருந்து உண்டு. ஆக, ஏழாம் தலைமுறை ஐ5-7500 மெஷினில் எவ்வளவு காசு கொட்டி 3050 போட்டாலும் சோனியின் எக்ஸ்ஏவிசி எச்எஸ் (அவர்களின் எச்இவிசி) 4:2:2 ஃபைல் திக்கிக்கொண்டுதான் இருக்கும். பிராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டுமான சிறிய நகல்) செய்து எடிட் செய்யலாம், நிற விவரம் குறைந்த 4:2:0-வில் எடுக்கலாம். இரண்டும் முடியாது என்றால் மெஷினையே பன்னிரண்டாம் தலைமுறைக்கு மாற்றுவது மேல். அப்போது பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் எழுத்து இல்லாமல் பார்த்து வாங்குங்கள். எஃப் இருந்தால் ஆன்போர்டு கிராபிக்ஸ் இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆறாம் ஏழாம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. அந்த மெஷினுக்குப் புதுக் கார்டு வாங்கினால், நாளை மெஷின் மாறும்போது கார்டைக் கழற்றிக்கொண்டு போக முடிகிற மாதிரி வாங்குங்கள். 3050 6 ஜிபி எந்த டவரிலும் போகும் என்பது அதற்கு இன்னொரு நல்ல காரணம்.

பழைய கார்டு வாங்க நாகர்கோவிலோ திருவனந்தபுரமோ போகிறவர்கள் கடையிலேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டிப் பழைய ஜிடிஎஸ் 450 சிப்பை விற்பது நெடுநாளாக நடக்கிறது. கார்டின் பயாஸை மாற்றி எழுதியிருப்பதால் விண்டோஸும் 1050 டிஐ என்றே காட்டும். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்தால் போலி என்று பெயருக்கு முன்னாலேயே போட்டுவிடும். அதைத் திறக்கும் முன்பே பிடிக்க ஒரு வழி உண்டு. கார்டின் பின்பக்கம் நீல நிற விஜிஏ சாக்கெட் இருந்தால் அது 1050 டிஐ அல்ல, அந்தத் தலைமுறையில் என்விடியா அனலாக் வெளியீட்டையே விட்டுவிட்டது. பிராக்கெட்டில் துரு, ஹீட்சிங்க்கின் செம்பில் பச்சை பூத்திருந்தால் கடலோரத்தில் கிடந்த கார்டு. குளச்சல், தூத்தூர்ப் பக்கம் உப்புக்காற்றில் இது சீக்கிரம் வரும். விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

மாட்டுவது பத்து நிமிட வேலை, அதற்கு முந்தைய தயாரிப்புதான் முக்கியம். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட மெஷின் என்றால் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பயாஸ் மாற்றமும் புதுக் கார்டும் சேர்ந்தால் அது பூட்டிக்கொள்ளலாம், கீ இல்லையென்றால் உள்ளே இருக்கும் கல்யாணம் போனதுதான். பயாஸ் அப்டேட் இருந்தால் கார்டு போடும் முன்பே செய்யுங்கள். பிறகு பவர் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்தி, கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்லாட் மூடியை எடுத்து, கார்டை இரண்டு ஓரமும் சமமாக அழுத்துங்கள், கொக்கி டக்கென்று விழ வேண்டும். பிராக்கெட் ஸ்க்ரூவை முறுக்கும்போது கார்டின் மறுமுனை தூக்குகிறதா என்று பாருங்கள். தூக்கினால் படம் வராததற்கு அதுவே காரணமாகும். 8 பின் பவர் தேவைப்படும் கார்டில் பிராசஸருக்கான 4+4 வயரைத் திணிக்காதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பிளஸ் மைனஸ் இடம் மாறியிருக்கும். கார்டுக்கு உரியது 6+2.

மானிட்டர் வயர் இனி கார்டில் மாட்ட வேண்டும். "படம் வரல்லியே" என்று வரும் போன்களில் பாதிக்குப் பதில் இதுதான். விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டருக்கு எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ ஆக்கும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும். கலர் பார்க்கிற வேலைக்கு அந்த மானிட்டரையே மாற்றுவது நல்லது. வயர் சரி, அப்படியும் படம் இல்லை என்றால் கார்டைக் கழற்றித் தங்கப் பல்வரிசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துத் திரும்ப மாட்டுங்கள். இந்த ஊர் ஈரத்தில் அங்கே படலம் படிவது சகஜம். அடுத்தது போர்டில் பயாஸ் செட்டிங்கைக் காக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றிப் போடுவது. டிரைவரை என்விடியா தளத்திலிருந்தே எடுங்கள், கேம் ரெடி வேண்டாம், ஸ்டூடியோ டிரைவர்.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு பழைய கல்யாணத்தின் முழு நீள எக்ஸ்போர்ட்டே சரியான சோதனை. பக்கத்தில் ஜிபியு-இசட் சென்சார் பக்கம் திறந்திருக்கட்டும். வெப்பம் 80 டிகிரிக்குக் கீழே நின்றால் நிம்மதி. ஷீட் கூரைக்குக் கீழே மத்தியான வெயிலில் 83-ஐத் தொட்டால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அலுவலகக் கேபினட்டில் பின்பக்கம் ஒரே ஒரு ஃபேன்தான் இருக்கும், முன்பக்கம் ஒன்று சேர்க்க இடமிருந்தால் சேருங்கள். எக்ஸ்போர்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மெஷின் அணைந்தால் எஸ்எம்பிஎஸ், படத்தில் கட்டம் கட்டமாக நிறம் சிதறினால் கார்டின் மெமரி, படம் மட்டும் ஒரு நொடி கறுத்துத் திரும்ப வந்தால் பெரும்பாலும் டிரைவர்.

இந்த வேலையை ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்துக் கர்க்கடகமும் அதே சமயம் வருவதால் எல்லையின் இரண்டு பக்கமும் இந்துக் கல்யாணங்கள் குறைவு. கிறிஸ்தவக் கல்யாணங்களே அதிகம் எடுப்பவர்களுக்குத் தவக்காலம் தோதுப்படும். ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி கேபினட்டைத் திறக்கவே கூடாது.

பிறகு ஐப்பசி இடி. மலையடிவாரத்தில் மத்தியானம் கறுத்து வரும் மழையில் கருகும் போர்டுகளில் பல, கரண்ட் லைனால் அல்ல, லேன் வயர் வழியாக வந்த மின்னலால் போனவை. யுபிஎஸ் அதைத் தடுக்காது. 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் தாங்கும், கார்டும் இரண்டு மானிட்டரும் சேர்ந்த மெஷினை ஒழுங்காக அணைக்க அது போதும். ஆனால் அதன் வேலை அவ்வளவுதான். எர்த் குழி காய்ந்துபோகாமல் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். இடி கேட்டதும் யுபிஎஸ் பிளக்கோடு இன்டர்நெட் பெட்டியின் அடாப்டரையும் லேன் வயரையும் சேர்த்தே பிடுங்குங்கள். ஃபைபர்தானே என்று விடாதீர்கள். கண்ணாடி நாரில் மின்சாரம் வராது, பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர் வரை ஓடும் செம்பு வயரில் வரும்.